பற்றும் வரவும்: குறை எண் வளர்ந்த கதை



பரிசளிப்பு விழா மலரிலும் கணக்குப் பாடமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு சிறு கோட்டின் வரலாறு. எண்ணுக்கு இடப்பக்கத்தில் −3, −10 என்று போடுகிறோமே, அந்தக் கோடுதான். பார்க்கச் சிறியது. ஆனால் உலகத்துப் பெரிய பெரிய அறிஞர்களையெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் திக்குமுக்காட வைத்தது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய பாடத்திட்டத்தில், முதலாம் படிவக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கோடு வழிமறித்து நிற்கிறது. பள்ளி புதிது, பாடம் நடக்கும் மொழி புதிது, போதாக்குறைக்கு எண்ணும் புதிது! தமிழ்ப்பள்ளியில் கணக்கில் நல்ல புள்ளிகள் வாங்கிய பிள்ளைகூட இங்கே தடுக்கி விழுவதுண்டு.

ஏன் விழாது? கீழ் வகுப்பில் நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்? "மூணுலேருந்து அஞ்சு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்றோம். இப்போது திடீரென்று, "மூன்றிலிருந்து ஐந்து போகும், விடை −2" என்கிறோம். பிள்ளை எதை நம்பும்? வீட்டுக்கு வந்து கேட்டால், "நாங்க எங்கப்பா அவ்வளவு தூரம் படிச்சோம்?" என்று தாய் தந்தையர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒதுங்க வேண்டாம், பெற்றோர்களே! இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஏட்டறிவு மிக்கவர்கள் இதை ஏற்கத் தயங்கிய காலத்திலும் கடனும் வரவும் அறிந்தவர்கள் இதைக் கையாண்டு வந்தார்கள். வரலாறு அதைத்தான் சொல்கிறது. பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

555 புத்தகம்

நம் நாட்டில் 555 புத்தகத்தை அறியாத வீடு உண்டா? சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம். மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி, "சம்பளத்துக்குத் தர்றேன், எழுதிக்குங்க" என்று சொன்னால் கடைக்காரர் எழுதி வைப்பாரே, அதுதான்.

ஒருவரிடம் 20 வெள்ளி இருக்கிறது. கடையில் பாக்கி 35 வெள்ளி. கையில் உள்ளதை அப்படியே கொடுத்துவிடுகிறார். இப்போது அவர் நிலை என்ன? "கையில ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஒன்றும் இல்லாதவரின் கணக்கு சுழியத்தில் நிற்கும். இவர் கணக்கோ அதற்கும் கீழே 15 வெள்ளியில் நிற்கிறது. அதைக் குறிக்கத்தான் −15 என்று எழுதுகிறோம். அடுத்த வாரம் யாராவது 15 வெள்ளி கொடுத்து உதவினால், அப்போதுதான் அவர் சுழியத்துக்கே ஏறி வருவார்.

இவ்வளவுதான் குறை எண். ஒருவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்லும் எண் அது. "மைனஸ் பதினைந்து மாம்பழத்தைக் காட்டு" என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. ஆனால் பதினைந்து வெள்ளிக் கடனை எந்தக் குடும்பத் தலைவியாலும் காட்ட முடியும்!

சீனத்துச் சிவப்புக் குச்சியும் கறுப்புக் குச்சியும்

இந்த எண்ணை முறையாகக் கையாண்ட பழைய சான்று சீனாவில் கிடைக்கிறது. 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் நூல் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. கி.பி. 263-இல் லியூ ஹுயி என்னும் அறிஞர் அதற்கு உரை எழுதினார். அந்நாளில் சீனர்கள் சிறு குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். சிவப்புக் குச்சி நேர் எண். கறுப்புக் குச்சி குறை எண். இந்நாளில் நாம் நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். அவர்களுக்கு அது தலைகீழ்!

அந்த நூலில் வரும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவன் 2 மாடும் 5 ஆடும் விற்று 13 பன்றி வாங்குகிறான். 1000 காசு மிச்சம். 3 மாடும் 3 பன்றியும் விற்று 9 ஆடு வாங்கினால் கணக்கு சரிக்குச் சரி. 6 ஆடும் 8 பன்றியும் விற்று 5 மாடு வாங்கப் போனால் 600 காசு குறைகிறது. ஒவ்வொன்றின் விலை என்ன?

விடை: மாடு 1200, ஆடு 500, பன்றி 300. மாணவர்களே, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போட, விற்றதை நேர் எண்ணாகவும் வாங்கியதைக் குறை எண்ணாகவும் வைத்துக்கொண்டார்கள். மிச்சம் 1000 நேர் எண். பற்றாக்குறை 600 குறை எண். சந்தையில் மாடு விற்பவனுக்குத் தெரிந்த விவகாரம்தானே இது? குறை எண்ணைச் சீன மொழியில் 'ஃபூ' என்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சுமத்தல், கடன்படுதல் என்னும் பொருள்களும் உண்டு.

தனமும் ருணமும்

இனி இந்தியாவுக்கு வருவோம். இன்றைய ராஜஸ்தானத்தில் உள்ள பின்மால் என்னும் ஊரோடு தொடர்புடையவர் பிரம்மகுப்தர். கி.பி. 598-இல் பிறந்தவர். தம் முப்பதாவது வயதில், 628-இல், 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் வானநூலை இயற்றினார். அதில் நேர் எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'தனம்'. குறை எண்ணுக்கு வைத்த பெயர் 'ருணம்'. தனம் என்றால் செல்வம் என்று நமக்குத் தெரியும். ருணம் என்றால் கடன். நம் பாட்டிமார் 'ருணானுபந்தம்' என்று சொல்வார்களே, அதே ருணம்தான்.

சுழியத்தையும் ஓர் எண்ணாக வைத்து அவர் விதிகள் வகுத்தார். செல்வமும் செல்வமும் சேர்ந்தால் செல்வம். கடனும் கடனும் சேர்ந்தால் கடன். செல்வமும் அதே அளவு கடனும் சேர்ந்தால் சுழியம். சுழியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம். கடனைச் செல்வத்தால் பெருக்கினால் கடன். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இதே விதிகளைத்தான் நம் பிள்ளைகள் முதலாம் படிவத்தில் படிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1881-இல் பெஷாவர் பக்கத்தில் பக்ஷாலி என்னும் ஊரில், பூமிக்கடியிலிருந்து ஒரு பழைய கணக்கு ஏடு கிடைத்தது. அதில் குறை எண்ணைக் காட்ட, எண்ணுக்குப் பின்னால் ஒரு சிலுவைக் குறி போட்டிருக்கிறார்கள். ஆம், நாம் கூட்டலுக்குப் போடும் + போன்ற குறி! குறிகள் மனிதன் வைத்துக்கொண்டவை, மாறக்கூடியவை. அவற்றைக் கண்டு பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை.

பாஸ்கரரின் குரங்குகள்

விதிகள் வந்துவிட்டன. மனம் உடனே ஏற்றுக்கொண்டதா? அதுதான் இல்லை.

1150-இல் நூல் எழுதிய இரண்டாம் பாஸ்கரர் தம் 'பீஜகணித'த்தில் ஒரு குரங்குக் கணக்குப் போடுகிறார். ஒரு குரங்குக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, மூன்றைக் கழித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் எத்தனையோ, அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மீதி ஒரே ஒரு குரங்கு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் எத்தனை குரங்கு?

50 என்று வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு 10. மூன்றைக் கழித்தால் 7. ஏழேழு 49. கிளையில் உள்ளதைச் சேர்த்தால் 50. சரியாக வருகிறது.

5 என்று வைத்தாலோ, ஐந்தில் ஒரு பங்கு 1. மூன்றைக் கழித்தால் −2. குறை இரண்டைக் குறை இரண்டால் பெருக்கினால் 4. ஒன்றைச் சேர்த்தால் 5. இதுவும் சரியாக வருகிறது!

பாஸ்கரர் இரண்டு விடைகளையும் கண்டார். ஆனால் இரண்டாவது வேண்டாம் என்று ஒதுக்கினார். ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழிப்பது எப்படி? இப்படிக் குறையில் போய் முடிவதை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்றார். பாருங்கள், விதியை நன்கறிந்த பெரிய மேதை அவர். கடனுக்குக் குறை எண் பொருந்தும், குரங்குக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த எண்ணையும் எந்தப் பொருளுக்குப் பயன்படுத்துகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இது இன்றைய ஆசிரியருக்கும் பாடம்.

ஐரோப்பாவின் தயக்கம்

இந்திய எண்கள் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. 1202-இல் அவற்றை விளக்கிப் புத்தகம் எழுதியவர் பீசா நகரத்து ஃபிபொனாச்சி. அவருடைய தந்தை வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் பீசா நகர வணிகர்களுக்காக வேலை பார்த்தவர். ஆகவே மகனுக்கு வியாபாரக் கணக்கு அத்துப்படி. நால்வர் பணம் பங்கு போடுவது போன்ற ஒரு கணக்கில் குறை விடை வந்தால், "இதில் ஒருவர் கடனாளி என்று கொண்டால் விடை உண்டு" என்று தீர்த்துக்கொண்டார்.

ஆனால் நூல் பல கற்ற அறிஞர்கள் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. +, − என்னும் குறிகள் 1489-இல் ஜெர்மனியில் விட்மன் என்பவரின் வணிகக் கணிதப் புத்தகத்தில் அச்சேறின. அதன் பிறகும், 1544-இல் ஷ்டீஃபல் என்னும் கணித அறிஞர் குறை எண்களை 'அபத்த எண்கள்' என்று அழைத்தார். 1545-இல் இத்தாலியக் கணித மேதை கார்டானோ குறை விடைகளைப் 'பொய் விடைகள்' என்றார். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பாஸ்கல் என்னும் மாபெரும் அறிஞர், சுழியத்திலிருந்து நான்கைக் கழித்தால் சுழியமே மிஞ்சும் என்று நம்பினார். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எதை எடுப்பது என்பது அவர் வாதம்.

மாணவர்களே, "மூணுலேருந்து அஞ்சு போகாதே சார்!" என்று நீங்கள் கேட்கும்போது, பாஸ்கல் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அது மக்குப் பிள்ளையின் கேள்வியல்ல. யோசிக்கிற பிள்ளையின் கேள்வி.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் இங்கிலாந்தின் ஜான் வாலிஸ். 1685-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு மனிதனை நடக்க வைத்தார். ஓரிடத்திலிருந்து 5 கஜம் முன்னே நடக்கிறான். பிறகு 8 கஜம் பின்னே வருகிறான். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு முன்னே இருக்கிறான்? −3 கஜம். அதாவது 3 கஜம் பின்னே இருக்கிறான். அவன் ஒன்றும் மாயமாக மறைந்துவிடவில்லை. தரையில்தான் நிற்கிறான்! இன்று பிள்ளைகள் வரையும் எண்கோட்டின் தொடக்கங்களில் இது ஒன்று.

இரண்டாமவர் ஆய்லர். 1770-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய இயற்கணித நூலின் முன்னுரையில் ஒரு செய்தி இருக்கிறது. கண்பார்வை இழந்த நிலையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தையல் தொழில் பழகிய ஓர் இளைஞன் அதை எழுதினான். எழுதிக்கொண்டே அவனும் கணக்குக் கற்றுக்கொண்டான். அந்த நூலில் குறை எண்ணுக்கு ஆய்லர் தந்த விளக்கம் என்ன தெரியுமா? கையில் ஒன்றும் இல்லாமல் 50 நாணயம் கடன்பட்டவன்! பிரம்மகுப்தரின் 'ருணம்' திரும்பி வந்துவிட்டது. நம் 555 புத்தகமும் அதில் இருக்கிறது.

மதுரையில் பிறந்தவர்

அதோடு சண்டை ஓய்ந்ததா? ஓயவில்லை. 1796-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரெண்ட் என்பவர் இயற்கணித நூல் ஒன்று எழுதினார். அதில் குறை எண்ணையே தள்ளிவைத்துவிட்டார். சிறியதிலிருந்து பெரியதைக் கழிப்பதாகச் சொல்வது நகைப்புக்குரியது என்பது அவர் கட்சி.

அவருக்கு ஒரு மருமகன் வாய்த்தார். பெயர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர்! தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போனவர், 1828-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். 1837-இல் ஃபிரெண்டின் மகளை மணந்தார்.

கணிதம் கற்பதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி டி மார்கன் 1831-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரு மடங்கு ஆவது இன்னும் எத்தனை ஆண்டில்?

போட்டுப் பார்த்தால் விடை −2 என்று வருகிறது. "இன்னும் குறை இரண்டு ஆண்டில்" என்றால் என்ன பொருள்? இந்த விடை அபத்தம் என்றுதான் டி மார்கனும் சொன்னார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேள், "எத்தனை ஆண்டுக்கு முன்?" என்று கேள், விடை 2 என்று வரும் என்றார். ஆம்! இரண்டு ஆண்டுக்கு முன் தந்தைக்கு 54, மகனுக்கு 27. சரியாக இரு மடங்கு. குறைக்கோடு நமக்குச் சொல்வது இதுதான்: "தம்பி, நீ தேடும் பக்கம் தவறு. திரும்பிப் பார்."

இன்று குறை எண் இல்லாமல் வங்கியும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பீப்பாய்க்கு −37.63 டாலர் என்று முடிந்தது. விற்கிறவனே வாங்குகிறவனுக்குப் பணம் கொடுத்து, "எடுத்துக்கொண்டு போ" என்ற நிலை! அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட எண், அன்று உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கச் செய்தி.

நம் முன்னோரின் முதல் கணக்கு

சுழியத்துக்குக் கீழே எண் உண்டா என்று லண்டனில் படித்தவர்கள் வாதம் செய்த அதே நூற்றாண்டில், அந்த எண்ணைச் சுமந்துகொண்டு நம் முன்னோர் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய ஒப்பந்தக் கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டன. இங்கே மண்ணில் கால் வைத்த அன்று அவருடைய கணக்கு சுழியத்தில் தொடங்கவில்லை. சுழியத்துக்குக் கீழே தொடங்கியது. காட்டை அழித்து, பால்மரம் நட்டு, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கக் கொடுத்து, ஏறி ஏறித்தான் அவர் சுழியத்தைத் தொட வேண்டியிருந்தது.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிமார் செலுத்திய தீர்வையிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910-இல் புதிய ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. பயணக் கடன் என்னும் சுமை இறங்கியது. ஆனாலும் கைநாட்டு வைத்தவர்களுக்குக் கிராணியின் பேரேட்டில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வழியில்லை. "எவ்வளவு பாக்கி?" என்று கேட்டு, சொன்ன எண்ணை நம்பித் திரும்ப வேண்டியதுதான்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்படிப் பிறந்த தோட்டப் பள்ளிகளின் வழியில் வந்தவைதான் நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பல. எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை, தன் தகப்பனாரின் பற்றுவரவைத் தானே வாசித்தது. அது சிறிய காரியமா? இன்று பல தோட்டங்கள் மறைந்துவிட்டன. கடன் மறையவில்லை. மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டுக் கடன், கடன் அட்டை என்று உருமாறி நிற்கிறது. குறைக்கோட்டை வாசிக்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அதனால்தான் இந்தச் சிறு கோடு புள்ளிகளுக்காக மட்டும் படிக்க வேண்டியதல்ல என்கிறோம்.

வீட்டிலேயே சொல்லித் தரலாம்

பெற்றோர்களே, இனி உங்கள் பங்கு. பின்வரும் நான்கையும் சமையலறையிலேயே செய்யலாம்.

ஒன்று: கோட்டைச் சரியாக வாசிக்கப் பழக்குங்கள். ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது. 5 − 3 என்னும்போது "ஐந்தில் மூன்று கழிக்க" என்று அது ஒரு செயல். −3 என்னும்போது "குறை மூன்று" என்று அது எண்ணின் பெயர். மலாயில் முன்னதைத் 'தோலாக்' என்றும் பின்னதை 'நெகாதிஃப்' என்றும் சொல்வார்கள். இரண்டு மொழியிலும் இரண்டு பெயரையும் பிள்ளை அறிந்திருந்தால், வகுப்பில் திகைக்காது.

இரண்டு: பெரியது எது, சிறியது எது? −10 பெரியதா, −3 பெரியதா என்றால் பிள்ளை சட்டென்று −10 என்று சொல்லும். கேளுங்கள்: "பத்து வெள்ளி கடன் வச்சிருக்கிறவன் வசதியா இருக்கானா, மூணு வெள்ளி கடன் வச்சிருக்கிறவனா?" கடன் பெரிதானால் நிலை சிறிது. ஆகவே −10 தான் சிறியது.

மூன்று: கித்தாக் கொட்டையும் புளியங்கொட்டையும். சீனர்களுக்குக் குச்சி, நமக்குக் கொட்டை! ஒரு கித்தாக் கொட்டை ஒரு வெள்ளி வரவு. ஒரு புளியங்கொட்டை ஒரு வெள்ளி கடன். ஒன்றும் ஒன்றும் ஜோடி சேர்ந்தால் சுழியம். எடுத்து ஓரமாய் வைத்துவிடலாம். 3 கித்தாக் கொட்டையும் 5 புளியங்கொட்டையும் வைத்தால், மூன்று ஜோடி போக 2 புளியங்கொட்டை மிஞ்சும். 3 − 5 என்பது −2 ஆவதைப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிட்டது.

இனிக் கடினமான கணக்கு: 3 − (−2). கையில் 3 கித்தாக் கொட்டை மட்டும் இருக்கிறது. இதிலிருந்து 2 புளியங்கொட்டையை எடுக்க வேண்டும். புளியங்கொட்டையே இல்லையே! கவலை வேண்டாம். இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து சேருங்கள். ஜோடியின் மதிப்பு சுழியம்தானே, கணக்கு மாறாது. இப்போது 5 கித்தாக் கொட்டை, 2 புளியங்கொட்டை. அந்தப் புளியங்கொட்டை இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 5. தீபாவளிக்குக் கடைக்காரர், "போங்கம்மா, அந்த ரெண்டு வெள்ளியை அடிச்சுட்டேன்" என்று சொன்னால், நமக்கு இரண்டு வெள்ளி கிடைத்த மாதிரிதானே? கடனைக் கழிப்பது வரவு. பிரம்மகுப்தரும் அதைத்தான் சொன்னார்.

நான்கு: குறையைக் குறையால் பெருக்கினால் நேர் எண் வருவது ஏன்? பிள்ளைகளை அதிகம் குழப்புவது இதுதான். "அது ரூல், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். அப்படிச் சொல்லாதீர்கள். நாட்காட்டியை எடுங்கள். வாரா வாரம் சேமிப்பிலிருந்து 5 வெள்ளி தவணை போகிறது. அது −5. இன்னும் 3 வாரத்தில் இன்றைவிட 15 வெள்ளி குறைந்திருக்கும்: (−5) × 3 = −15. இனிப் பின்னே போங்கள். 3 வாரத்துக்கு முன், அதாவது −3 வாரத்தில், நிலை என்ன? இன்றைவிட 15 வெள்ளி கூடுதலாக இருந்தது! (−5) × (−3) = +15. டி மார்கனின் தந்தை மகன் கணக்கும் இதே வழியில் வந்ததுதான். காலத்தைத் திருப்பினால் கோடும் திரும்பும்.

முடிவாக ஒரு சொல்

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோருக்கு நம் வாழ்த்துகள். பரிசு வாங்காதோருக்கும் ஒரு சொல். உங்களுக்கு ஒரு கணக்கு உடனே புரியவில்லை என்றால் தலை குனியாதீர்கள். கார்டானோவுக்குப் பொய்யாகத் தெரிந்தது, பாஸ்கலுக்குப் புரியாமல் போனது, ஃபிரெண்ட் ஏற்க மறுத்தது உங்களுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? கேளுங்கள். திரும்பவும் கேளுங்கள். கொட்டையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இது என்னம்மா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள். 555 புத்தகத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். "உட்காரு ராசா. இது நம்ம கணக்குதான்" என்று தொடங்குங்கள்.

சுழியத்துக்குக் கீழே தொடங்கி ஏறி வந்த சமுதாயம் நம்முடையது. ஏறிய படிகளை எண்ணத் தெரிந்த பிள்ளைகள், ஏற வேண்டிய படிகளையும் எண்ணிக்கொள்வார்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கணக்கறிவு!